கொக்கட்டீல் திடீரென்று கொத்துகிறதா, தனியாக முட்டை இடுகிறதா? அறிகுறியைப் பிடித்துப் பிழை தேடும் வழி

"தம்பி, உதுக்கு என்னவோ பிடிச்சிட்டுது. நேற்று வரைக்கும் என்ரை தோளிலதான் இருந்தது, இண்டைக்குக் காதைக் கடிச்சுப் போட்டுது."

திருகோணமலை உப்புவெளியில் 11 வருடமாகக் கொக்கட்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) வளர்க்கிறேன், குஞ்சும் எடுக்கிறேன். அதனால் உவர்மலை, பாலையூற்று, கிண்ணியா என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் கூட்டைத் தூக்கிக்கொண்டு ஆக்கள் வருவார்கள். கதை பெரும்பாலும் மேலே சொன்னதுதான். ஒரு அன்ரி கோணேசர் கோயில் திருநீறு பூசியே கொண்டுவந்தார். பறவைக்கு அப்போது 8 மாதம். அதற்கு வயது வந்திருந்தது, வேறொன்றுமில்லை.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பறவையின் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிக்கிறது கடைசியில் வரும். "அடியில் உப்பிக்கொண்டு குந்தியிருக்கிறது" என்ற தலைப்புக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. உங்கள் பறவை இப்போது அந்த நிலையில் இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேரே அதற்குப் போங்கள்.

எதற்கும் முன்னால் இரண்டு விடயம்

வயது. கொக்கட்டீலுக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் இறகுதிர்ப்பு தொடங்கும். 6 முதல் 9 மாதத்துக்குள் உடம்பு இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். குணம் மாறுவதும் அந்த நேரத்தில்தான். உடம்பு தயார் என்பதற்காகச் சோடி போட்டுவிடாதீர்கள், 18 மாதமாவது போகட்டும். சாம்பல் நிறப் பறவை என்றால் இறகுதிர்ப்பு முடிந்ததும் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும், வாலின் அடிப்பக்கக் கோடுகள் மறையும். பெட்டைக்கு முகம் மங்கலாகவே இருக்கும், கோடுகளும் போகாது. மஞ்சள் வெள்ளைப் பறவையில், அதாவது லுட்டினோவில், வாலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் பெட்டையின் மெல்லிய மஞ்சள் கோடு தெரியும். விதம் விதமாக விசில் அடித்து, செட்டையைத் தோளில் சற்றே உயர்த்தி நடை போடுகிறதென்றால் அநேகமாக ஆண்.

நிறை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். பெரும்பாலான கொக்கட்டீல்கள் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். கிழமைக்கு ஒரு நாள் விடிய, தீன் போடுவதற்கு முன் நிறுத்துக் குறித்து வையுங்கள். வழமையான நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் குணத்தைப் பற்றிய யோசனையை விடுங்கள், பறவைக்குச் சுகமில்லை. மிருக வைத்தியரிடம் போங்கள்.

அறிகுறி: சாதுவாக இருந்தது, இப்போது கொத்துகிறது

எங்கே வைத்துக் கொத்துகிறது என்று பாருங்கள்.

*கூட்டுக்குள் கை விட்டால் மட்டும்.* அது தன் இடத்தைக் காக்கிறது. உள்ளே என்ன தொங்குகிறது? நம் ஊரில் ஆசைக்கு ஒரு சிரட்டையோ மண்சட்டியோ கட்டித் தொங்கவிடுவோம். நமக்கு அது அலங்காரம், வயது வந்த பறவைக்கு அது முட்டையிடும் பொந்து. கழற்றுங்கள். கண்ணாடி இருந்தால் அதையும் கழற்றுங்கள். பறவை வெளியே வந்த பிறகு கூட்டைத் துப்புரவாக்குங்கள். விரலுக்குப் பதிலாக ஒரு கொய்யாத் தடியை நீட்டினால் அதில் ஏறி வரும். சில நாளில் வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

*தோளில் இருக்கும்போது, வேறு ஆள் கிட்ட வந்தால்.* உங்களைச் சோடியாக நினைத்துவிட்டது. சிரிப்பாக இருக்கும், ஆனால் கடி படுவது உங்கள் காதும் பிள்ளைகளின் கன்னமும். கொஞ்ச நாளைக்குத் தோள் வேண்டாம், கையில் அல்லது தடியில் இருக்கட்டும். தடவுவதென்றால் தலையும் கழுத்தும் மட்டும். முதுகைத் தடவுவது, செட்டைக்குக் கீழே விரல் விடுவது, சட்டைக்குள் வைத்துக் கொஞ்சுவது எல்லாமே பறவையின் பாஷையில் சோடி சேரும் அழைப்பு. நாமே அழைத்துவிட்டு, அது வந்ததும் திட்டுகிறோம்.

*எங்கே வைத்தாலும், உடம்பில் ஒரே இடத்தைத் தொட்டால்.* இது வலி. இறகுதிர்ப்பு நேரம் என்றால் தலையில் முள்ளு முள்ளாக வரும் மொட்டு இறகுகளைத் தொட்டாலே நோகும், ஒரு மாதத்தில் சரியாகிவிடும். இறகு முளைக்காத இடத்தில் நோவு, வீக்கம், செட்டை தொங்கல் இருந்தால் வைத்தியர்தான்.

முதல் இரண்டு கிளையில் நின்றவர்கள் இன்னும் இரண்டு திருத்தம் செய்ய வேண்டும்: வெளிச்சமும் தீனும்.

திருகோணமலையில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலந்தான். சூரியனால் பறவைக்குக் குழப்பம் வராது. குழப்புவது நமது ரியூப் லைட்டும் ரீவியும். இரவு 11 மணி வரை விறாந்தையில் நாடகம் ஓடினால் பறவைக்கு அது 17 மணித்தியாலப் பகல், குஞ்சு பொரிக்க நல்ல காலம் வந்துவிட்டதென்று உடம்பு நினைக்கும். பின்னேரம் ஆறரைக்கு ஆட்கள் புழங்காத அறைக்குக் கூட்டை மாற்றி, விடிய ஆறரைக்கு வெளியே எடுங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று) வீசும் நாட்களில் தடித்த துணியால் மூடிவிடாதீர்கள், உள்ளே அவிந்துபோகும். யன்னல் திறந்த இருட்டறை போதும்.

தீனில் அவித்த முட்டை, பாண், முளைத்த பயறு போன்ற மெதுவான சாமானையும் சூரியகாந்தி விதையையும் நிறுத்தி, தினையும் சாமையும் முருங்கை இலையும் கொடுங்கள். இந்தப் பறவையின் சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் உலர்ந்த உள்நாடு. அங்கே மழை பெய்து தீன் பெருகும்போதுதான் அது குஞ்சு பொரிக்கும். நமது ஒக்டோபர், நவம்பர் மழையில் நீங்கள் தட்டு நிறைய முளைப்பயறும் வைத்தால் வேறென்ன நினைக்கும்? கச்சான் கடலையும் வேண்டாம். ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்த கச்சானால் ஈரல் கெடும். காற்றோ கடலையோ, கச்சான் என்று பெயர் வைத்த எதுவும் கொக்கட்டீலுக்கு ஆகாது.

இரண்டு மூன்று கிழமை விடாமல் செய்யுங்கள். சொண்டில் தட்டுவது, கத்துவது, கூட்டை உலுக்குவது எதுவும் உதவாது. திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மானைப் பாருங்கள், பாண் துண்டுக்கு வாலாட்டி வரும் அதே மானின் கொம்பு முற்றினால் யாரும் கிட்டப் போவதில்லை. அந்த மரியாதையை இதற்கும் கொடுங்கள்.

அறிகுறி: விரலுக்கோ கண்ணாடிக்கோ தீனைக் கக்குகிறது

கக்குவதும் வாந்தியும் ஒன்றல்ல. தலையை மேலும் கீழும் ஆட்டி, ஒரு ஆளையோ பொருளையோ குறிபார்த்து, முழு விதையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு உசாராக நின்றால் அது காதல். கண்ணாடியை எடுத்துவிட்டு, கையையும் விலக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சத் திருத்தத்தை மேலே சொன்னபடி செய்யுங்கள். தடியில் வாலடியை உரசுவதும் இந்தக் கணக்குத்தான், பார்க்காத மாதிரி இருந்தால் போதும்.

தலையை உதறி நாலாபக்கமும் சிந்துகிறது, நெற்றி இறகு பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது, தூங்கி வழிகிறது, நிறை குறைகிறது என்றால் வாந்தி. அன்றைக்கே வைத்தியர். புதிதாகக் கட்டிய கூடென்றால் கம்பியையும் சொல்லுங்கள். நாகம் (சிங்க் உலோகம்) பூசிய கம்பியைக் கொறித்து நஞ்சேறிய பறவையும் இப்படித்தான் வாந்தி எடுக்கும்.

அறிகுறி: ஆண் இல்லாமலே முட்டை இடுகிறது

இது வந்தால் வீட்டில் பெரிய கலவரம். பக்கத்து வீட்டுப் பறவை மதிலால் வந்திருக்குமோ என்று சண்டைக்குப் போனவர்களையும் எனக்குத் தெரியும். கோழி சேவல் இல்லாமல் முட்டை இடுவதில்லையா? அதேதான். குஞ்சு வராது.

*முட்டையை எடுத்து எறியாதீர்கள்.* இங்கே எல்லோரும் விடும் முதல் பிழை இதுதான். கொக்கட்டீல் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 4 முதல் 7 முட்டை வரை இட்டு அடைகாக்கும். எடுத்தால், குறைந்துபோயிற்றே என்று இன்னும் இடும். ஒவ்வொரு முட்டைக்கும் சுண்ணாம்புச் சத்து அதன் எலும்பிலிருந்தே போகிறது. பென்சிலால் திகதி எழுதி அங்கேயே விடுங்கள். உடைந்ததை மட்டும் எடுங்கள். 21 நாள் அளவில் பொரிக்காது என்று விளங்கித் தானாக எழும்பிப் போகும், அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக எடுங்கள்.

*அடைகாக்கும் நாளில் எச்சம் பெரிதாக, நாற்றமாக இருக்கிறதா?* பயப்பட வேண்டாம். எழும்பாமல் அடக்கி வைத்து ஒரேயடியாகப் போகிறது.

*சுண்ணாம்புக்குக் கணவாய் ஓடு.* கடையில் பெட்டியில் போட்டு விற்கும் அதே சாமான் நமக்குக் கடற்கரையிலேயே கிடக்கிறது, மீன் சந்தையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, உப்பும் நாற்றமும் போன பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கூட்டில் கட்டுங்கள். விடிய ஏழு எட்டு மணி வெயிலில் பாதிக் கூடு நிழலாக அரை மணித்தியாலம் வையுங்கள். வெயில் பட்டால்தான் அந்தச் சுண்ணாம்பு உடம்பில் பிடிக்கும். யன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது.

*முட்டை முடிந்ததும்.* சிரட்டை, சப்பாத்துப் பெட்டி, அலுமாரியின் மேல், கதிரைக்கு அடி என்று எந்த இருண்ட மூலைக்கும் விடாதீர்கள். கூட்டை வேறு சுவருக்கு மாற்றி, உள்ளே தடிகளையும் இடம் மாற்றுங்கள். தெரியாத இடத்தில் முட்டையிட யோசிக்கும். இருட்டை இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள். மெதுவான தீனை நிறுத்துங்கள்.

*இவ்வளவும் செய்தும் இடைவெளி விடாமல் அடுத்த ஈடு (அடுத்த தொகுதி முட்டை) தொடங்கினால்* வைத்தியரிடம் போங்கள். இதைக் குறைக்க ஹோர்மோன் ஊசி இருக்கிறது. விலை கொஞ்சம் பிடிக்கும். முட்டை ஓடு தோல் மாதிரி மெத்தென்று வருகிறதென்றால் அடுத்த ஈடு வரை காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: பெட்டை கூட்டின் அடியில் உப்பிக்கொண்டு குந்தியிருக்கிறது

முட்டை சிக்கியிருக்கலாம். இறகை உப்பி, கால்களை அகட்டி, கண்ணைப் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும். முக்கும். எச்சம் வராது, அல்லது ஒரு துளிதான் வரும். சிலவற்றுக்குக் கால் இழுக்கும்.

முதல் வேலை தொலைபேசி. வைத்தியருக்குச் சொல்லிவிட்டு, வாகனம் வரும்வரை கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

ஒரு கடதாசிப் பெட்டியில் துவாயை விரித்துப் பறவையை வையுங்கள். ஒரு பக்கத்தில் துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தல், மற்றப் பக்கம் விலகிப் போக இடம். பெட்டிக்குள் 29 முதல் 32 பாகை வரை இருந்தால் சரி. நமது மே மாதத்தில் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அப்போது போத்தல் வேண்டாம், பக்கத்தில் ஈரத்துணி மட்டும் போடுங்கள். வாயைத் திறந்து, செட்டையை விலக்கி மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது, குறையுங்கள். இருட்டாக, சத்தமில்லாமல் இருக்கட்டும்.

வயிற்றை அமுக்க வேண்டாம். எண்ணெய் விட வேண்டாம். முட்டையின் நுனி தெரிந்தாலும் இழுக்க வேண்டாம். உள்ளே உடைந்தால் பறவை தப்புவது கஷ்டம்.

உசாராக இருந்தால் ஒரு மணித்தியாலம், கூடியது இரண்டு மணித்தியாலம் பார்க்கலாம். கால் இழுத்தால், விழுந்து கிடந்தால், துவாரத்தால் சிவப்பாக எதுவும் வெளியே வந்தால் ஐந்து நிமிடமும் பார்க்காதீர்கள். எனது முதல் பெட்டை இப்படித்தான் போனது. பின்னேரம் கண்டேன், "விடியட்டும், பாப்பம்" என்று படுத்தேன். விடிந்தபோது விறைத்துக் கிடந்தது. கூட்டில் சிரட்டை கட்டி, முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்ததும் நான்தான்.

எல்லா மிருக வைத்தியர்களுக்கும் பறவையில் கை பழகியிருக்காது. "பறவை பாப்பீங்களோ?" என்று இன்றைக்கே, பறவை சுகமாக இருக்கும்போதே கேட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் வைத்தியசாலை இருக்கிறது, நாட்பட்ட பிரச்சினைக்கு அங்கே போகலாம். ஆனால் முட்டை சிக்கிய பறவையைக் கண்டிப் பாதையில் ஏற்றுவதற்கு முன் கல்சியம் ஊசியாவது இங்கே போட்டாக வேண்டும்.

அறிகுறி: நடு இரவில் கூடு அதிர அடித்துக்கொள்கிறது

வயதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் "பேய் கண்டுட்டுது" என்று என்னிடம் வரும் என்பதால் சேர்க்கிறேன். கொக்கட்டீலுக்கு இருட்டில் மிரளும் பழக்கம் உண்டு. கூட்டில் ஓடும் பல்லி, கூரையில் எலி, யன்னலில் பூனை, திடீரென்று கரண்ட் போவது, மழைக்கால இடி, திருவிழா வெடி, எதுவும் போதும்.

லைட்டை டக்கென்று போடாதீர்கள். முதலில் பெயர் சொல்லிக் கதையுங்கள், பிறகு மெல்லிய வெளிச்சம். அடுத்த நாளிலிருந்து அறைக்கு வெளியே ஒரு சின்ன பல்ப் எரியட்டும், கதவு இடுக்கால் தடி தெரியுமளவு போதும். கூட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கினால் பல்லி ஏறுவது குறையும்.

இரத்தம் தெரிந்தால் அநேகமாக வளரும் இறகொன்று முறிந்திருக்கும். சோளமாவை வைத்து, பஞ்சால் சில நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். நெஞ்சை அழுத்தக்கூடாது, பறவைக்கு மூச்சு நின்றுவிடும். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் வைத்தியர். இறகை நீங்களே பிடுங்காதீர்கள்.

அறிகுறி: சோடி என்று வாங்கியது சண்டை பிடிக்கிறது

இரண்டும் ஆணா என்று முதலில் பாருங்கள். 3 மாதக் குஞ்சில் ஆண் பெட்டை பிரித்துச் சோடி என்று விற்பவர் ஊகத்தில்தான் விற்கிறார். எனக்கும் ஒரு "சோடி" கிடைத்தது, இரண்டு பேரும் போட்டி போட்டு விசில் அடித்தார்கள்.

உண்மையான சோடி என்றால் தீன் கிண்ணத்தை இரண்டாக்குங்கள், இரண்டும் எதிரெதிர் மூலையில். முட்டையிடும் பெட்டி தொங்கினால் கழற்றுங்கள். ஒன்றுக்கு வயது வந்து மற்றதற்கு வராவிட்டால் துரத்தல் இருக்கத்தான் செய்யும். பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் சில மாதம் விடுங்கள். இரத்தம் வந்தால், அல்லது ஒன்றைத் தீனுக்கு வர விடாவிட்டால் அன்றே பிரித்துவிடுங்கள். லுட்டினோவின் கொண்டைக்குப் பின்னால் மொட்டையாக இருப்பதைப் பார்த்து மற்றதைக் குற்றம் சொல்லாதீர்கள். அது பிறவியிலேயே அப்படி.

அறிகுறி: தன் இறகைத் தானே பிடுங்குகிறது

குளிக்கத் தண்ணீர் வைத்தீர்களா? கச்சான் காற்றில் தோல் காய்ந்து அரிக்கும், தினமும் ஒரு தட்டுத் தண்ணீர் வையுங்கள். அடுத்து, தனிமை. நாள் முழுக்க ஆளில்லாத வீட்டில் தென்னோலை ஈர்க்கு, சோளப்பொத்தித் தோல் என்று கிழிக்க எதையாவது கட்டிவிடுங்கள். அதன் பிறகு வெளிச்சத் திருத்தம். நாலு கிழமையில் நிற்காவிட்டால், அல்லது தோல் புண்ணானால், எச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். கொக்கட்டீலுக்குக் குடலில் வரும் ஜியார்டியா என்ற கிருமியாலும் இப்படி அரிக்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது.

வைத்தியரிடம் போகும்போது

கூட்டின் அடியில் விரித்த அன்றைய பேப்பரை எச்சத்தோடு மடித்துக் கொண்டுபோங்கள். நிறை எழுதிய கொப்பி, கடைசி முட்டையின் திகதி, கொடுக்கும் தீன், இரவு எத்தனை மணிக்கு லைட் அணைகிறது என்பதையும் சொல்லுங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் கூடு இருந்தால் நோன்ஸ்டிக் தாச்சி பாவிப்பதையும் மறைக்காதீர்கள், அது அதிகம் சூடாகிக் கிளம்பும் புகையில் பறவை நிமிடக் கணக்கில் சாகும். மூக்கால் நீர், பச்சை எச்சம், சோர்வு மூன்றும் சேர்ந்திருந்து வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் என்றால், அவர் தன் வைத்தியரிடம் "வீட்டில் கிளி வகை வளர்க்கிறோம்" என்று சொல்ல வேண்டும், பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் ஒன்று இருக்கிறது. ஓட்டோவில் போவதென்றால் கூட்டுக்கு மேல் மெல்லிய துணி போடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், குலுங்கிக் குலுங்கி முழுவதும் பறவையின் மேல்தான் ஊற்றும்.